புத்தி சொல்ல என்ன காசா பணமா?

வா தாயி, இப்படித் திண்ணையில உக்காரு. பயணம் சொல்லிட்டுப் போகத்தானே வந்திருக்கே? சொல்லு. சொல்லி முடிச்சதும் நான் சொல்றதையும் கேட்டுட்டுத்தான் எந்திரிக்கணும். ஸ்வெட்டர் போட்டுக்கன்னு உங்க அத்தை சொல்லிட்டா. அங்க போனதும் கம்ப்யூட்டர் படிப்புக்கு மாறிக்கன்னு உங்க மாமன் சொல்லிட்டான். புத்தி சொல்ல என்ன காசா பணமா, ஆளாளுக்குத் தாராளமா அள்ளி விட்டிருக்காக. மிச்சம் மீதி ஏதும் கிடக்கான்னு பாத்து நான் சொல்றேன்.

எனக்கு என்ன தெரியும்? தலையாரி உத்தியோகம் பாத்த கட்டை. கர்ணத்துக்குப் பின்னாடி அடங்கலையும் சிட்டாவையும் தூக்கிட்டுக் காடு கரை அலைஞ்சவன். ஆனா காகிதம்னு ஒண்ணு கண்ணுல பட்டா வாசிக்காம விடமாட்டேன். பாங்குக் கடனுக்கு நீ குடுத்த காகிதம் பூராத்தையும் உன் தம்பியை உக்கார வச்சு வாசிக்கச் சொன்னேன். விளங்காததைச் செல்லுல தேடச் சொன்னேன். பய சலிச்சுப்போயி, "தாத்தா, பேசாம நீங்களே ஜெர்மனிக்குப் போயிருங்க"ன்னுட்டான்.

டுசல்டோர்ஃப்பாமே ஊரு. ரைன் ஆத்தங்கரையில கலை அகாடமி. 1773ல இருந்து பேரு விளங்குற பள்ளிக்கூடம். அங்க படிப்புக்குச் சம்பளம் கிடையாது, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ மட்டும் கட்டினாப் போதும், ரயில் பஸ் டிக்கெட்டும் அதுலயே அடங்கிரும்னதும் எனக்குச் சந்தேகம் வந்திருச்சு. சும்மா தர்றேன்னு எவன் சொன்னாலும் சர்வே நம்பரைச் சரிபாக்கிறது என் தொழிலாச்சே. தெற்கே பாடன்-வுர்ட்டம்பெர்க் மாகாணத்துல நம்மள மாதிரி வெளியாட்கள்கிட்ட செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குறாக. நீ போற மாகாணத்துல அது இல்லை. ஆனா ஒரு வருசச் சாப்பாட்டுச் செலவுன்னு 11,904 யூரோவை முன்கூட்டியே ஒரு முடக்குக் கணக்குல போட்டாத்தான் விசா. அதுல இருந்து மாசம் 992 யூரோதான் எடுக்க முடியும். நம்ம பணத்தை நாமளே அளந்து அளந்து வாங்கித் திங்கணும். இந்த ஏற்பாடு மட்டும் நம்மூர்ல இருந்து உங்க அப்பன் பேர்ல ஒரு கணக்கு போட்டிருந்தா, தெற்குக் காடு இன்னும் நம்மகிட்ட இருந்திருக்கும்.

சரி, படிப்புக்கு வாரேன். உன்னைச் சேர்த்துக்க அவுக மார்க்கு கேக்கலை. மாப்பேன்னு சொல்ற அந்த அட்டைக் கட்டுல நீ வரைஞ்சதை அடுக்கி அனுப்பச் சொல்லியிருக்காக. எழும்பூர்க் கல்லூரியில அஞ்சு வருசம் முதுகு வலிக்க வரைஞ்சியே, அந்தச் சிலை, கிழவன் முகம், பானை, துணி மடிப்பு, எல்லாத்தையும் முதல்ல அடுக்கிட்டு, அப்புறம் ஒண்ணொண்ணா உருவிப் போட்டதை நானும் பாத்தேன். கடைசியில உள்ள போனது என்ன? ரேஷன் கடை வரிசையை ஒரே இடத்துல நின்னு மாசக்கணக்கா வரைஞ்ச அந்தக் கிறுக்கல் நோட்டு. எடம் வாங்கிக் குடுத்தது அதுதான்னு வையி. ஏன்னா கை நல்லா ஓடுற ஆளு அவுகளுக்கு ஏராளம். இந்தப் பிள்ளை எதையாவது விடாமப் பாக்குதா, அதைத்தான் தேடுறாக.

அதனால அங்க போயி, "வாத்தியார் ஒண்ணும் சொல்லித் தரலை"ன்னு போன்ல அழாதே. சொல்லித் தரமாட்டாக. முதல் ரெண்டு செமஸ்டர் சும்மா பழக விடுவாக. அப்புறம் ஒரு பேராசிரியர் பாத்துத் தன் வகுப்புல சேர்த்துக்கணும். அந்த வகுப்புலயும் பாடம் கிடையாது, பீரியடு கிடையாது. ஒரு மூலை கிடைக்கும், நீ பாட்டுக்கு வேலை செய்யணும். அப்பப்ப எல்லாரும் கூடி உன் வேலை முன்னாடி நின்னு பேசுவாக. "இது ஏன் இங்க இருக்கு?", "இதை எடுத்துட்டா என்ன குறையும்?" இப்படித்தான் கேள்வி வரும். பெரியவுக பேசுறப்ப வாயைப் பொத்திட்டு நிக்கிறது மரியாதைன்னு நாங்க உன்னை வளத்துட்டோம். அந்த மரியாதையை ஏர்போர்ட்லயே விட்டுட்டுப் போ. அங்க பேசாம நின்னா, சொல்றதுக்கு ஒண்ணுமில்லாத ஆளுன்னு நினைச்சுருவாக. உங்க ஆத்தாகிட்ட எதுத்துப் பேசுற பேச்சுல கால்வாசி பேசினாலே போதும், அகாடமி தாங்காது.

அங்க முன்னாடி வாத்தியாரா இருந்தாராமே, யோசஃப் பாய்ஸ்னு ஒருத்தர், எப்பவும் தொப்பியோட. அவரு கதையைக் கேட்டுட்டு ரெண்டு நாளா எனக்குத் தூக்கமில்லை. 1965ல அதே ஊர்ல ஒரு கலைக்கூடத்துல, தலையில தேனும் தங்கத் தகடும் அப்பிட்டு, செத்த முயலைக் கையில ஏந்தி, அதுக்குப் படங்களை விளக்கிச் சொன்னாராம், மூணு மணி நேரம். சனம் சன்னல் வழியா வேடிக்கை பாத்திருக்கு. எனக்கு அதுல குறை ஒண்ணுமில்லை. பட்டா மாறுதல் பத்தி நானும் உயிரோட இருக்கிற ஆபீசர்களுக்கு எம்புட்டோ விளக்கியிருக்கேன். முயலாவது குறுக்கே பேசலை.

அப்புறம் அந்தக் குளியல் தொட்டி. சின்னப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுற தொட்டியில பிளாஸ்டர், கட்டுத்துணி, கொழுப்புன்னு ஒட்டி வச்சிருந்தாரு. 1973ல லெவர்குசன் மியூசியத்துல ஒரு கட்சிக்காரக விழா. கிளாஸ் கழுவப் பாத்திரம் தேடின ரெண்டு பொம்பளைக, "யாரு இப்படி அசிங்கமாப் போட்டு வச்சது"ன்னு தொட்டியைப் பளபளன்னு தேச்சு வச்சுட்டாக. நம்ம வீட்டுப் பொம்பளைகளா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாக. கழுவினதுக்கு நஷ்டஈடு குடுக்க வேண்டியதாப் போச்சு! அகாடமிக்குள்ளயே ஒரு அறையில, எட்டாத உயரத்துல சுவர் மூலையில, 1982ல அஞ்சு கிலோ வெண்ணெயை அப்பி வச்சாரு. அவரு செத்த வருசம், 1986ல, சுத்தம் பண்ண வந்த ஆளு அதைச் சுரண்டிக் குப்பையில போட்டுட்டான். அந்த வெண்ணெய் தனக்குச் சேர வேண்டியதுன்னு அவரோட சிஷ்யர் கேசு போட்டாரு. அரசாங்கம் 40,000 மார்க் அழுதுச்சு. நம்ம கிருஷ்ணன் கையில சிக்கியிருந்தா பத்து நிமிசத்துல தீந்திருக்கும், கேசும் கிடையாது.

சிரிச்சாச்சா? இப்பக் கேளு. அதே மனுசன் இன்னொண்ணும் செஞ்சாரு. எடம் கிடைக்காமத் திருப்பி அனுப்புன பிள்ளைகளை எல்லாம், "என் வகுப்புக்கு வாங்க"ன்னு கூப்பிட்டாரு. நிர்வாகம் முடியாதுன்னது. 1972ல அந்தப் பிள்ளைகளோட ஆபீசுக்குள்ள போயி உக்காந்துட்டாரு. மந்திரி வேலையை விட்டுத் தூக்கிட்டாரு. மறு வருசம் சிஷ்யப்பிள்ளை ஒருத்தர் மரத்தைக் குடைஞ்சு ஒரு தோணி செஞ்சு, குருவை அதுல உக்கார வச்சு ரைன் ஆத்தைத் தாண்டி அகாடமிக் கரைக்குக் கூட்டிட்டு வந்தாரு. நீக்கினது செல்லாதுன்னு 1978ல கோர்ட்டுத் தீர்ப்பு. அங்க போறவுக பாதிப் பேரு அந்த வெண்ணெயைத்தான் பிடிச்சுக்கிறாக. நீயும் ஒரு மூலையில நல்லெண்ணெயை அப்பிட்டு ஃபோட்டோ அனுப்பாதே. திருப்பி அனுப்பின பிள்ளைகளுக்காகச் சண்டை போட்டாரே, அந்தத் துணிச்சல் மேல கண்ணு இருக்கட்டும்.

கலை கெடக்கட்டும். அகாடமிக்குள்ள எடம் பிடிச்சுட்டே, ஊருக்குள்ள எடம் பிடிக்கிறதுதான் கஷ்டம். வாடகைக்குத் தனி வீடு உன் 992 யூரோவுல நடக்காது. நாலஞ்சு பேரு சேந்து இருக்கிற வீட்டுல ஒரு அறைதான். அதுக்கும் பொண்ணு பாக்கிற மாதிரி அந்த நாலு பேரும் வரிசையா உக்காந்து கேள்வி கேப்பாக. என்ன சமைப்பே, எத்தனை மணிக்குத் தூங்குவே, விருந்தாளி வருவாகளா. சொஜ்ஜி பஜ்ஜி யாரும் குடுக்கமாட்டாக. "கருவாடு வறுப்பேன்"னு முதல் நாளே உண்மை பேசிடாதே. வாடகையில ரெண்டு கணக்கு இருக்கு: வெந்நீர், ஹீட்டர் செலவு சேராத வாடகை ஒண்ணு, சேந்த வாடகை ஒண்ணு. சின்னத் தொகையைக் காட்டி மயக்குவாக, பெரிய தொகையைக் கேட்டுட்டுத் தலையாட்டு. அட்வான்சு மூணு மாச வாடகைக்கு மேல கேட்கச் சட்டத்துல எடமில்லை. அறையைப் பாக்காம பணம் அனுப்புன்னு எவனாவது சொன்னா, அவன் வீட்டுக்காரனே இல்லை.

குடி போனதும் ரெண்டு வாரத்துக்குள்ள நகராட்சியில போயி, "இந்த வீட்டுல இன்னார் இருக்கேன்"னு பதியணும். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட காகிதம் வேணும். அது இல்லாம அங்க ஒரு காரியமும் நகராது. பாங்குக் கணக்கு, வரி நம்பர், குடியிருப்பு அனுமதி எல்லாம் அந்த ஒத்தைக் காகிதத்து மேலதான் நிக்குது. இதைக் கேட்டப்பதான் எனக்கு அந்த நாட்டு மேல மரியாதை வந்துச்சு. தலையாரி உள்ள நாடு தாயி அது, ஆளைத்தான் காணோம்! வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ ரேடியோ, டிவி கட்டணம்னு தபால் வரும். "என்கிட்ட டிவியே இல்லை"ன்னு வாதாடாதே. டிவி இருக்கா இல்லையான்னு யாரும் கேக்கலை, வீடு இருக்குல்ல? கூட இருக்கிற நாலு பேரோட பங்கு போட்டுக் கட்டு. தபாலைப் பிரிக்காம மேசையில அடுக்கி வைக்கிற உன் பழக்கத்தை மட்டும் அங்க வச்சுக்காதே. அபராதமும் தபால்லதான் வரும்.

குப்பை போடுறதுக்குத் தனிப் படிப்பே படிக்கணும் போல. காகிதத்துக்கு நீலம், டப்பா, பிளாஸ்டிக்குக்கு மஞ்சள், காய்த்தோலுக்குப் பழுப்பு, மிச்சத்துக்குக் கறுப்பு. கண்ணாடிப் பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில போடணும், அதுவும் ஞாயித்துக்கிழமை கூடாது, உடையிற சத்தம் அடுத்தவுகளுக்கு இடைஞ்சலாம். பிளாஸ்டிக் தண்ணிப் பாட்டிலைத் தூக்கிப் போட்டுறாதே, கடை மிசின்ல திருப்பிக் குடுத்தா 25 சென்ட் வரும். நாலு பாட்டில் ஒரு யூரோ. ஓவியம் விக்கிற வரைக்கும் அதுதான் நிச்சய வருமானம். ஞாயித்துக்கிழமை கடையெல்லாம் மூடிருவாக. சனிக்கிழமை சாயங்காலம் வெங்காயம் இருக்கான்னு பாக்காதவ மறுநாள் பட்டினி. ராத்திரி பத்துல இருந்து காலையில ஆறு வரைக்கும் சத்தம் ஆகாது. நீ சிற்பத்துக்குச் சுத்தியல் எடுக்கிறதே ராத்திரி பதினொண்ணுக்குத்தான். ஆக, ஒண்ணு உன் பழக்கம் மாறணும், இல்லைன்னா வீடு மாறணும்.

குளிர்காலத்துல நல்லாக் கதவைச் சாத்தி, ஹீட்டரைப் போட்டு, சாம்பார் கொதிக்க விடுவே. சுவர் வேர்த்துப் பூசணம் பூக்கும். அதனால எம்புட்டுக் குளிரானாலும் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை சன்னலை முழுசாத் திறந்து அஞ்சு பத்து நிமிசம் காத்து விடணும். சில வீட்டுக்காரக அதை ஒப்பந்தத்துலயே எழுதிருவாக. இன்னொரு விசயம், டிசம்பர்ல காலை எட்டரை மணி வரைக்கும் விடியாது. சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிரும். கரிசல் வெயில்ல காஞ்சு வளந்த உடம்புக்கு அது ஒத்துக்காது. காரணமில்லாம அழுகை வரும். உடனே "ஊர் நினைப்பு, காதல் தோல்வி"ன்னு கதை கட்டிப் பெரிய பெரிய கறுப்புப் படமா வரையாதே. பாதி துக்கம் வெயில் இல்லாத துக்கம். மத்தியானம் வெளிச்சம் இருக்கிறப்பவே ஒரு நடை ஆத்தங்கரைக்குப் போயிட்டு வா. தீரலைன்னா டாக்டரைப் பாரு, காப்பீட்டுக்கு மாசாமாசம் கட்டத்தானே போறே.

நம்மாளுக இல்லாத எடமும் இல்லை அது. ஹம்ங்கிற ஊர்ல காமாட்சியம்மனுக்குக் கோபுரம் வச்ச கோயிலே இருக்கு, 2002ல கும்பாபிஷேகம் ஆனது. ஊரை விட்டு ஓடிவந்த இலங்கைத் தமிழ்ச் சனம் கட்டினது. தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்குல கூட்டம் கூடுமாம். உன் ஊர்ல இருந்து ரயில்லயே போயிட்டு வந்துரலாம். போ. சாமி கும்பிடு, பிரசாதம் தின்னு, அங்க இருக்கிற பெரியவுககிட்ட அவுக வந்த கதையைக் கேளு. உனக்கு விசா, பாங்குக் கடன், ஸ்வெட்டர் எல்லாம் இருக்கு. அவுக வந்தப்ப என்ன இருந்துச்சுன்னு கேட்டா உன் கஷ்டத்தைச் சொல்ல உனக்கே கூச்சமாயிரும். ஆனா வாராவாரம் தமிழ்க் கூட்டத்துக்குள்ளயே போயி ஒளிஞ்சுக்காதே. ஜெர்மன் பேச்சைப் படி. இங்கிலீசுலயே ஓட்டிரலாம்பாக. ஓட்டலாம். வகுப்புல எல்லாரும் சிரிச்சு முடிச்சு ரெண்டு நிமிசம் கழிச்சு நீ தனியாச் சிரிக்கலாம்.

இப்பத்தான் முக்கியமான இடத்துக்கு வாரேன், காதைத் தீட்டிக்க. அங்க போனதும் உனக்கு ஒரு சபலம் வரும். கோலம், மஞ்சள், குங்குமம், ஆத்தா சேலை, ஐயனார் குதிரை, இதையெல்லாம் அடுக்கி, "என் வேர்"னு எழுதி வச்சா, பாக்கிறவுக தலையைச் சாய்ச்சு, "அழகா இருக்கு"ன்னுட்டுப் போயிருவாக. கேள்வியே கேக்கமாட்டாக. கேள்வி வரலைன்னா அங்க நீ தோத்துட்டேன்னு அர்த்தம். இங்க இருந்தப்ப ஐயனார் கோயில் பக்கம் எட்டிப் பாத்தியா? கோலம் போடச் சொன்னா "டைம் இல்லை தாத்தா"ன்னவ நீ. எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போனதும் பக்தி பொத்துக்கிட்டு வந்தா ஐயனாரே சிரிப்பாரு. ஊரைத் தொடாதேன்னு சொல்லலை. ஊரை விக்காதேங்கிறேன். உனக்குத் தெரிஞ்சது ரேஷன் கடை வரிசை. அங்கயும் வரிசை இருக்கும், குடியிருப்பு அனுமதி குடுக்கிற வெளிநாட்டவர் ஆபீஸ் வாசல்ல. போய் நில்லு, பாரு, வரை.

நம்ம கோயில்பட்டி கொண்டையராஜுவைத் தெரியுமில்ல? அந்தக் காலத்து வீட்டுக்கு வீடு தொங்கின முருகனும் லச்சுமியும் அவரு கைவண்ணந்தான். மனுசன் நம்ம பக்கத்து ஆளே இல்லை. பட்டணத்து ஓவியப் பள்ளியில படிச்சவரு. நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிட்டு வந்தவரு, கம்பெனி கலைஞ்சதும் கோயில்பட்டியிலயே தங்கிட்டாரு. பக்கத்துல சிவகாசியில அச்சு மிசின் ஓடுச்சு, காலண்டர் ஓவியம் பிறந்துச்சு. வந்த எடத்துல என்ன ஓடுதுன்னு பாத்தாரு, அதான் சங்கதி. உன் அகாடமியில கெர்ஹார்ட் ரிக்டர்னு ஒருத்தர். அவரும் சின்ன வயசுல போர்டு எழுதி, நாடகக் கொட்டகையில திரை வேலை பாத்தவர்தான். கிழக்கு ஜெர்மனியில முறையாப் படிச்சு, சுவரோவியத்துல பேரெடுத்து, 1961ல சுவர் எழும்புறதுக்குச் சில மாசம் முந்தி மேற்கே வந்தாரு. வந்து என்ன செஞ்சாரு? 29 வயசுல மறுபடியும் மாணவனா டுசல்டோர்ஃப்ல சேந்தாரு. பத்து வருசத்துல அங்கயே பேராசிரியர். கொரியாவுல பிறந்த நாம் ஜூன் பைக், 1956ல சங்கீதம் படிக்க ஜெர்மனிக்கு வந்தவரு. கொரியாப் பாட்டை வச்சுப் பிழைக்காம டிவிப் பெட்டியைக் கலைச்சுப் போட்டுக் கலையாக்குனாரு. 1993ல வெனிஸ்ல ஜெர்மனி சார்பா நின்ன ரெண்டு பேர்ல அவரு ஒருத்தர். தங்கச் சிங்கம் பரிசு வாங்கிட்டாக.

இன்னும் கேளு. பெர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர்னு புருசன் பொஞ்சாதி. காலமெல்லாம் தண்ணித் தொட்டி, சுரங்கக் கோபுரம், ஊதுலைன்னு படம் பிடிச்சாக. மேகம் மூடின நாளாப் பாத்து, நேருக்கு நேரா நின்னு, நிழல் விழாம, ஒரே மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணா. நம்ம பஞ்சாயத்துத் தொட்டியை நீ எத்தனை வருசம் கடந்து போயிருப்பே, அதுக்கு எத்தனை காலுன்னு சொல்லு பாப்போம்? புருசன் பெர்ன்ட் 1976ல இருந்து அகாடமியில வாத்தியாரா இருந்தாரு. அவருகிட்ட படிச்ச ஆந்த்ரியாஸ் குர்ஸ்கி, அதே ரைன் ஆத்தைப் படம் எடுத்தாரு. ஒரு பட்டை தண்ணி, ரெண்டு பக்கம் புல்லு, மேல வெறும் வானம். கரையில இருந்த கட்டடத்தைக் கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டாரு. அந்தப் படம் 2011ல 43 லட்சம் டாலருக்குப் போச்சு. நம்ம வைப்பாத்தைப் படம் எடுத்தா அழிக்கவே வேண்டாம், தண்ணியும் இருக்காது. விலையைச் சொல்லி உன்னைக் கிளப்பி விடலை. நீ தினம் நடக்கப் போற ஆத்தங்கரை அது, அங்க உள்ளவன் கண்ணுக்குப் பழகிப்போனது உன் கண்ணுக்குப் புதுசு. அந்தப் புதுக்கண்ணு கொஞ்ச நாளைக்குத்தான் இருக்கும். குப்பைத் தொட்டி நிறம் மனப்பாடம் ஆறதுக்குள்ள வரைஞ்சு தள்ளு.

காசு விசயம். படிக்கிறப்ப வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை பாக்கலாம். ஓட்டல்ல தட்டுக் கழுவுறது கௌரவக் குறைச்சல்னு இங்க எழுதாதே, நாங்க யாரும் அப்படி நினைக்கலை. உங்க மாமன் நினைப்பான், அவன்கிட்ட மியூசியத்துல வேலைன்னு சொல்லிக்க. ஆனா சொந்தமா ஓவியம் வித்துத் தொழில் பண்றதுக்கு வெளிநாட்டவர் ஆபீஸ்ல தனி அனுமதி வாங்கணும். முதல் படம் வித்த சந்தோசத்துல அதை மறந்துறாதே. பிப்ரவரி வாக்குல அகாடமி கதவைத் திறந்து விட்டு, ஊர் சனமே உள்ள வந்து உங்க வேலையைப் பாக்குமாம். அன்னிக்கு ஓரமா நிக்காதே. படிச்சு முடிச்சா வேலை தேடிக்க பதினெட்டு மாசம் அனுமதி உண்டு. கலையையே தொழிலாக்கி அனுமதியும் வாங்கிட்டேன்னா, 1983ல இருந்து கலைஞர்களுக்குன்னே ஒரு காப்பீட்டு நிதி இருக்கு. மருத்துவம், ஓய்வூதியத்துக்குக் கலைஞர் பாதி கட்டினாப் போதும், மிச்சத்தைக் கலையை வச்சு யாவாரம் பண்றவுகளும் அரசாங்கமும் போடுவாக. படம் வரையிறவனுக்குப் பென்சன் உண்டுன்னு கேட்டதும் உங்க மாமன் வாயைத் திறக்கலை பாத்தியா?

கடைசியா ஒண்ணு. நீ போன மறுவாரமே ஆரம்பிச்சுருவாக, "எப்ப வர்றே, எப்ப வர்றே"ன்னு. உங்க ஆத்தா அழுதுகிட்டே கேப்பா, சொந்தக்காரக கல்யாணக் கணக்குப் போட்டுட்டுக் கேப்பாக. நல்லபடியா வேலை ஓடுதுன்னா இருந்துக்க. இருக்கிறதுன்னா முழுசா இரு, வரியைக் கட்டு, பக்கத்து வீட்டுக் கிழவி பேரைத் தெரிஞ்சு வச்சுக்க. ஓடலைன்னா திரும்பி வா, இந்தத் திண்ணை உன்னை ஏன் வந்தேன்னு கேக்காது. ரெண்டுமில்லாம அங்க உக்காந்து இங்கயும், இங்க வந்து அங்கயும் நினைச்சுக்கிட்டுக் கெடக்காதே. அதுவரைக்கும் எவன் கேட்டாலும் "பொங்கலுக்கு வர்றேன்"னு சொல்லு. எந்தப் பொங்கல்னு மட்டும் சொல்லிறாதே.